பிக்கப் டிரக்கும் பின்தொட்டிப் பூச்சும்

கேள்வி: டெக்சாஸில் புது பிக்கப் டிரக் வாங்கியிருக்கிறேன். பின்தொட்டிக்கு ஸ்ப்ரே லைனர் (கீறல், துரு வராமல் தெளிக்கும் காப்புப் பூச்சு) அடிக்க ஒருவர் லைன்-எக்ஸ் கம்பெனி என்கிறார், இன்னொருவர் ரைனோ என்கிறார், மைத்துனரோ கிட் வாங்கி நாமே அடிக்கலாம் என்கிறார். எது உழைக்கும்?

பதில்: மைத்துனரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். லைன்-எக்ஸை சூடாக்கி, அதிக அழுத்தத்தில் அடிப்பார்கள், சில விநாடிகளிலேயே இறுகிவிடும், அதனால் ஜல்லி, இரும்புக் கம்பி ஏற்றுகிறவர்களுக்கு அதுதான் சரி. ரைனோவில் பல வகை உண்டு. பெயர் வாங்கியது ரப்பர் மாதிரி மெத்தென்ற தடித்த பூச்சு. ஏற்றிய சாமான் வழுக்காது, ஆனால் பிரிட்ஜைத் தரதரவென்று இழுத்தால் கூரான முனை கீறிவிடும்.

ராப்டர் மாதிரி கிட் மலிவுதான், ஆனால் பூச்சு மெல்லியது. உப்புத்தாள் போட்டு ஒழுங்காகத் தேய்க்காமல் அடித்தால் முதலில் டெயில்கேட் (தொட்டியின் பின்கதவு) ஓரத்தில் சுருள் சுருளாக உரியும். உண்மையில் எந்தப் பூச்சானாலும் பாதி ஆயுள் அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது, கடைக்காரர் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் வெயில். சாதாரண கறுப்புப் பூச்சு நாளாக ஆகச் சாம்பல் பூத்துவிடும். அலிபாட்டிக் என்ற, வெயில் தாங்கும் வகை மேல்பூச்சு கேளுங்கள், செலவு கூடும், ஆனால் நிறம் நிற்கும்.