போடாத சாலைக்கு ஒரு பலகை: பத்திரிகைக்குப் போகும் முன் கையில் இருக்க வேண்டிய தாள்

கேள்வி: எங்கள் கிராமத்தின் தெற்குத் தெருவுக்குச் சிமென்ட் சாலை போட்டதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். மதிப்பீடு 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் என்று அதில் எழுதியிருக்கிறது. தெருவில் பழைய மண்தான் கிடக்கிறது. நிருபர் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர், செய்தி போட ஐயாயிரம் ரூபாய் செலவாகும் என்கிறார். தகவல் உரிமை ஆர்வலர் ஒருவர், தன் பெயரிலேயே மனுப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டதற்கு, ஊராட்சித் தலைவராக இருந்த அம்மாவின் கணவர் மானநஷ்ட வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். பத்திரிகையால் எங்களுக்கு ஏதாவது ஆகுமா?
ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: ஆகும், உங்கள் கையில் ஒரு தாள் இருந்தால். சாலை போடவில்லை என்று நீங்கள் வாயால் சொல்வதை மட்டும் வைத்துச் செய்தி வந்தால், பணி விரைவில் முடிக்கப்படும் என்று அலுவலர் ஒரு வரி சொல்வார். அத்தோடு அந்தச் செய்தி செத்துவிடும். இன்ன தேதியில் இத்தனை மீட்டர் நீளத்துக்குச் சாலை போடப்பட்டது என்று பொறியாளர் அளந்து கையெழுத்திட்ட அளவுப் புத்தகத்தின் பக்கம், அலுவலகங்களில் எம்-புக் என்று சொல்வார்களே, அதன் நகல் உங்களிடம் இருந்தால், அந்தப் பக்கத்தையும் மண் தெருவின் படத்தையும் அருகருகே அச்சிட எந்த மாவட்டப் பதிப்பும் தயங்காது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

எண்களை அச்சிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உகாண்டா நாட்டின் பள்ளிகள் நல்ல சாட்சி. 1990களின் முற்பாதியில், மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்காக ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம் மட்டுமே பள்ளிகளைச் சென்றடைந்ததாக ஓர் ஆய்வு கண்டது. அதன்பின், எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்பதை அந்நாட்டு அரசு நாளிதழ்களில் வெளியிடத் தொடங்கியது. 2001-இல் 80 சதவீதத்துக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. முழுப் பெருமையும் நாளிதழுக்கே உரியதா என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள்; ஆனாலும் வரவேண்டிய தொகை தெரிந்த தலைமை ஆசிரியரை ஏமாற்றுவது கடினம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஆகவே முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் ஒரு மனு. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏன் சாலை போடவில்லை என்று கேட்காதீர்கள். விளக்கம் சொல்வது தங்கள் கடமையல்ல என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பட்டியல் (பில்) தொகை கொடுத்ததற்கான ஆவணம் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களைக் கேளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. மனு தவறான அலுவலகத்துக்குப் போயிருந்தால், உரிய இடத்துக்கு 5 நாளில் மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் மாதிரி எடுக்கவும்கூட இந்தச் சட்டம் உரிமை தருகிறது. உங்கள் தெருவில் மாதிரி எடுக்கச் சிமென்ட்டே இல்லை என்பது வேறு விஷயம்.

பதில் தர 30 நாள் கெடு. வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதைக் கேட்பவர் பெரும்பாலும் அதே அமைப்பின் மேலதிகாரி. அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சட்டம் சொல்கிறது. அந்த அபராதத்துக்கு அஞ்சும் அலுவலரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் கேட்கும் தாள்களில் பெரும்பாலானவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்பதுதான் இதே சட்டத்தின் 4-ஆம் பிரிவின் நோக்கம். இந்தியாவிலேயே முதலில், 1997-இல், தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. அப்படிப்பட்ட மாநிலத்தில் ஒரு தெருச் சாலையின் கணக்குக்காக ஒரு குடும்பத்தலைவி வில்லை வாங்கி ஒட்ட வேண்டியிருக்கிறது.

இனி அந்த ஆர்வலர். அவர் பெயரில் மனுப் போட்டால் பதிலும் அவர் வீட்டுக்குத்தான் போகும். உண்மையாக உழைக்கும் ஆர்வலர்கள் உண்டு. தாக்குதலுக்கு ஆளானவர்களும் உண்டு. ஆனால் அளவுப் புத்தக நகலை வாங்கிக்கொண்டு நேரே ஒப்பந்ததாரர் வீட்டுக்குப் போய், இதை என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று உட்காரும் ஆட்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பேரம் படிந்ததும் மனு அமைதியாகிவிடும். உங்கள் தெரு அவருக்கு ஒரு சரக்கு, அவ்வளவுதான். எழுதத் தெரியவில்லை என்றால் அவரிடம் எழுதி மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். பெயரும் முகவரியும் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். தனியாக அஞ்சினால் தெருவில் நான்கு பேர் தனித்தனியே நான்கு மனுப் போடுங்கள்.

ஐயாயிரம் கேட்பவருக்கு ஐந்து ரூபாயும் கொடுக்காதீர்கள். செய்தி போடக் காசு வாங்குபவர், போடாமல் இருக்கவும் வாங்குவார். இரண்டாவதற்கு விலை அதிகம் என்பதால் உங்கள் ஐயாயிரம் அவருக்கு முன்பணம்தான். வண்டியில் ஒட்டிய பிரஸ் என்ற எழுத்தும் கழுத்தில் தொங்கும் அட்டையும் எதையும் நிரூபிப்பதில்லை. அவர் சொல்லும் இதழை வாங்கிப் பாருங்கள். ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர்கள் அதில் அச்சாகியிருக்க வேண்டும். அந்த ஆசிரியருக்கே தொலைபேசியில் பேசி, இவர் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். பிரஸ் கவுன்சிலுக்குப் போகலாமே என்று யாராவது சொன்னால், அது செய்தித்தாள்களையும் செய்தி நிறுவனங்களையும் கண்டிக்க மட்டுமே கூடியது, யூடியூப் சேனல் அதன் வரம்பிலேயே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். நகல் கைக்கு வந்ததும், நாளிதழின் மாவட்டச் செய்திப் பிரிவுக்கு நேரடியாகவே அனுப்புங்கள். ஒன்றுக்கு மூன்று இதழ்களுக்கு அனுப்பினால், ஒருவரை வாயடைத்தாலும் மற்றவர் வெளியிடுவார்.

வழக்கு மிரட்டலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முயன்றதை ஒட்டி எழுந்த வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம் சில கொள்கைகளை வகுத்தது. பொது ஆவணங்களின் அடிப்படையில் எழுதுவதற்குத் தடையில்லை. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு கேட்க முடியாது. அலுவலரும், தன் பதவிக் கடமை பற்றி எழுதியதற்கு, உண்மையைப் பொருட்படுத்தாமல் எழுதியதாக நிரூபித்தால்தான் கேட்கலாம். ஆனால் இது நஷ்டஈட்டு வழக்குக்கு உரிய பாதுகாப்பு. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவின்படி வரும் அவதூறுக் குற்ற வழக்கை இது தடுக்காது. அங்கே, சொன்னது உண்மை என்பதோடு, பொதுநலனுக்காகச் சொன்னோம் என்பதையும் காட்ட வேண்டும்.

இதைவிட நுட்பமான சிக்கல் அந்தக் கணவர். ஊராட்சியை அவர்தான் நடத்தினார் என்பது ஊருக்கே தெரிந்திருக்கலாம். காகிதத்தில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆகவே அலுவலரைப் பற்றி எழுதும்போது கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, அவரைப் பற்றி எழுதும்போது உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அவர் பெயரை எங்கும் எழுதாதீர்கள். யாரையும் திருடன் என்றும் எழுதாதீர்கள். அளவுப் புத்தகம் இப்படிச் சொல்கிறது, தெரு இப்படி இருக்கிறது, படம் எடுத்த தேதி இது. இவ்வளவே போதும், மீதியைப் படிப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செய்தி வந்த நாளில் பத்திரிகையின் வேலை பாதிதான் முடிந்திருக்கும். அடுத்த திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில், செய்தி நறுக்கையும் நகலையும் இணைத்து மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான். அடுத்து வரும் கிராம சபையில், சாலை போடப்படவில்லை என்பதைத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேட்டு, எழுதி முடித்த பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வருகைப் பதிவு என்று சொல்லி வெற்றுப் பக்கத்தை நீட்டுவார்கள். அதில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.