செல் உயிர்வேதியியல் தாள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குப் பேருந்தில் போய் பி.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும் தங்கள் மகள், செல் உயிர்வேதியியல் தாளின் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்துவிட்டதால், படிப்பை நிறுத்தி நீட் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்திவிட வேண்டாம். பெரும்பாலான கல்லூரிகளில் உள்மதிப்பீட்டுக்கு 25, பருவத்தேர்வுக்கு 75 என்பதால், இழந்ததை ஈடுகட்ட இன்னும் இடம் இருக்கிறது.

பிளஸ் டூவில் உயிரியலில் சிறந்து விளங்கிய பிள்ளைகளும் இந்தத் தாளில் தடுமாறுவதுண்டு. பெயரில் செல் இருந்தாலும் இதன் அடித்தளம் வேதியியல்தான். தாங்கள் அனுப்பிய விடைத்தாளில் செல் நுண்ணுறுப்புகள் பற்றிய விடைகள் தெளிவாக இருக்கின்றன. தாங்கல் கரைசல் (சிறிது அமிலமோ காரமோ சேர்ந்தாலும் அமிலத்தன்மை அதிகம் மாறாத கரைசல்) பற்றிய கணக்கை மட்டும் அவர் தொடவே இல்லை. அசிட்டிக் அமிலமும் அதன் உப்பும் சம செறிவில் இருந்தால், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏறத்தாழ 4.76, உப்பின் செறிவு அமிலத்தைப்போல் பத்து மடங்கானால் 5.76. இதற்கு வேண்டியது மடக்கை ஒன்றே. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலின் அயனிச் சமநிலை, வேதிவினை வேகவியல், உயிரியல் மூலக்கூறுகள் ஆகிய பாடங்களை முதலில் தமிழிலேயே மறுபடி படித்து, பிறகு ஆங்கிலப் பாடநூலுக்குச் செல்லச் சொல்லுங்கள். தமிழ் வழியில் படித்து வந்தவருக்கு இது மிகவும் உதவும்.

குளுக்கோஸ் பைருவேட்டாக மாறும் பத்துப் படிகளையும் அவர் மனப்பாடம் செய்வதாக எழுதியிருந்தீர்கள். செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி எங்கே 2 செலவாகிறது, எங்கே 4 கிடைத்து நிகரமாக 2 மிஞ்சுகிறது என்று கணக்காகப் படித்தால் படிகள் தாமாக நினைவில் நிற்கும். மூன்றாம் படியின் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் நொதி, செல்லில் ஏடிபி மிகுந்தால் மந்தமாகிவிடும்; கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் வயலில் நிறைந்ததும் தாங்கள் மடையை அடைப்பது போலத்தான். இதை அவரே தங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

வேலையைப் பொறுத்தவரை, இளநிலைப் பட்டம் மட்டுமே போதும் என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவமனை ஆய்வகப் பணிகளுக்குப் பெரும்பாலும் ஆய்வக நுட்பனர் படிப்பையே கேட்கிறார்கள். ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் எம்.எஸ்சி. தேவை, அதற்கு ஐஐடிகளின் ஜாம் தேர்வில் உள்ள உயிரித்தொழில்நுட்பத் தாளையும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான கியூட் முதுநிலைத் தேர்வையும் இரண்டாம் ஆண்டிலிருந்தே குறிவைக்கலாம்.

நீட் எழுதுவது மகளின் சொந்த விருப்பமானால், கல்லூரியில் படித்துக்கொண்டே எழுதத் தடையில்லை. அது அவருடைய விருப்பமா, நம் வீட்டாரின் விருப்பமா என்பதை மட்டும் அவரிடமே பொறுமையாகக் கேளுங்கள்.