நான் நம்பாததைத் தம்பிக்கு எப்படிச் சொல்வேன்?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 25. சென்னை புழலில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். மன்னார்ப் பக்கத்தில் உயர்தரப் பரீட்சைக்கு (இங்கே பிளஸ் டூ போன்றது) படித்துக்கொண்டிருந்த என் அப்பா, 1990-இல் மீண்டும் சண்டை மூண்டபோது படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பம்மாவுடன் பேசாலைக் கரையில் படகேறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை அவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலைதான்.

எங்கள் வீட்டுக் கூரைக் கம்பியில், மழை ஒழுகும் மூலைக்கு எட்டத்தில், எலி ஏற முடியாத உயரத்தில் ஒரு பை தொங்குகிறது. அதற்குள் இரண்டு பாலித்தீன் உறைகளில் சுற்றப்பட்டு எங்கள் சான்றிதழ்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அப்பாவின் சாதாரண தரச் சான்றிதழ்; இங்கே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போல. கணிதத்தில் ‘டி’, அதாவது சிறப்புத் தேர்ச்சி, வாங்கியிருக்கிறார். மாற்றுத் துணியைக்கூட விட்டுவிட்டு அதை மட்டும் வயிற்றோடு கட்டிக்கொண்டு படகேறினார் என்று அப்பம்மா சொல்வார். நான் பள்ளியில் படித்த காலத்தில், வேலை முடிந்து வரும் அப்பா மண்ணெண்ணெய் தொட்டுக் கையிலிருக்கும் பெயின்ட்டைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே என் நோட்டைத் தொடுவார். “நான் விட்ட இடத்தில இருந்து நீ தொடங்கு பிள்ளை” என்பார்.

தொடங்கினேன். பி.காம் முடித்தேன். கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதங்களில், கூலி கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக, அப்பா உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய நிறுவனத்தின் நேர்காணலில் எல்லாச் சுற்றிலும் தேர்வானேன். சான்றிதழ் சரிபார்க்கும்போது பாஸ்போர்ட் கேட்டார்கள். நான் முகாம் அடையாள அட்டையைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது பாரிமுனையில் ஒரு சிறிய அலுவலகத்தில் 14,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறேன். “எம்.காம் படி, வழி திறக்கும்” என்று அப்பா விடாமல் சொல்கிறார்.

பிளஸ் டூ படிக்கும் தம்பி, பரீட்சை எழுதப் போவதில்லை, அப்பாவோடு பெயின்ட் வேலைக்கு வருகிறேன் என்கிறான். “அக்கா, நீ படிச்சு என்ன ஆச்சு?” என்று அப்பாவின் முன்னாலேயே கேட்டுவிட்டான். மூன்று வாரமாக அப்பா அவனோடு பேசவில்லை. “அவனுக்கு நீ சொல்லு பிள்ளை, நீ சொன்னால் கேட்பான்” என்று என்னிடம் சொல்கிறார். படித்தால் உயரலாம் என்று நான் தம்பியிடம் சொல்ல வேண்டும்; அதை நானே நம்பவில்லை. நம்பவில்லை என்று அப்பாவிடம் சொன்னால், அவருடைய 35 ஆண்டுகளை வீண் என்று சொன்னதாகிவிடும். வேலை முடிந்து திரும்பும் பேருந்து புழலை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. பல இரவுகள் தூங்குவதில்லை. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு மகள், புழல்

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் சான்றிதழைப் பற்றி எழுதிய பகுதியை நான் பலமுறை படித்தேன். ஏழ்மையிலிருந்து மீளப் படிப்பே வழி என்று நம்பும் பெற்றோரைச் சென்னையில் எல்லாத் தெருக்களிலும் பார்க்கலாம். உங்கள் அப்பாவின் நம்பிக்கையோ ஏழ்மைக்கு முன்பே பிறந்தது. ஆறுகள் வற்றாமல் ஓடும் மண் அல்ல ஈழத்தின் வடபகுதி. படித்து உத்தியோகத்துக்குப் போவது அங்கே பல தலைமுறைகளின் பிழைப்பு வழியாக இருந்தது. அதனால்தான் 1970-களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட ‘தரப்படுத்தல்’ வந்தபோது அந்தச் சமூகம் அவ்வளவு காயப்பட்டது. 1981-இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை வீட்டில் நடந்த சாவைப் போல இன்றும் பேசுகிறது. அந்த நினைவுகளுக்கு நடுவே வளர்ந்த ஒருவர் கடலைக் கடக்கும்போது சான்றிதழை வயிற்றில் கட்டிக்கொண்டதில் வியப்பில்லை. காணியையும் வீட்டையும் படகில் ஏற்ற முடியாது. இங்கு வந்தபின் ஏழ்மையும் சேர்ந்துகொள்ள, இழந்ததை மீட்பதும் வறுமையை வெல்வதும் ஒரே ஆசையாகி, அதன் முழுப் பாரமும் உங்கள் ஒருத்தியின் தோளில் இறங்கிவிட்டது.

அந்த ஆசை உங்களைக் கெடுக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதைக் கிரேஸ் காவ், மார்த்தா தியெந்தா என்ற இரு சமூகவியலாளர்கள் ஆராய்ந்து 1995-இல் எழுதினார்கள். பெற்றோர் மனதில் குறையாமல் இருக்கும் நம்பிக்கை பிள்ளைகளின் தேர்ச்சிக்குத் துணைநிற்பதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். கையைக் கழுவிவிட்டு நோட்டைத் தொட்ட அந்த அப்பா இல்லாமல் நீங்கள் பட்டம் வாங்கியிருப்பீர்களா என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. அமெரிக்க மண்ணில் பிறந்த குடியேறிகளின் பிள்ளைக்குப் பொதுவாகப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. இந்தியாவில் 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பருக்குப் பின் பிறந்த உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்கு விதி இன்னும் கடுமையானது. 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளே இடம்பெற்றன, இலங்கை இல்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. “நீ படிச்சு என்ன ஆச்சு?” என்ற கேள்வியை நீங்கள் உங்கள் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். படிப்பு தன் வேலையைச் செய்தது: எல்லாச் சுற்றிலும் தேர்வானீர்கள். அதற்கு அப்பால் இருந்த கதவைப் பூட்டியது சட்டம். இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளும்வரை, ஒன்று அப்பாவின் நம்பிக்கை பொய் என்றாகும், அல்லது உங்கள் திறமை பொய் என்றாகும். இரண்டும் உண்மையல்ல.

ஆகவே தம்பியிடம் நம்பாததைச் சொல்லாதீர்கள். பொய்யை அந்த வயதுப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள்: நேர்காணலில் எப்படிப் பேசினீர்கள், பாஸ்போர்ட் கேட்டபோது என்ன தோன்றியது, அந்தப் பத்து நாள் எப்படிக் காத்திருந்தீர்கள் என்று. இதையெல்லாம் அவனிடம் ஒருமுறையாவது வாய்விட்டுப் பேசியிருக்கிறீர்களா என்று உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. அவன் பார்த்தது முடிவை மட்டும்தான். உங்களுக்காக அவன் பட்ட கோபம்தான் அப்படி ஒரு கேள்வியாக வெளிவந்திருக்கலாம். கயிற்றில் தொங்கும் அப்பாவைக் கீழே இறக்க வேண்டும் என்ற அவசரமும் அதில் இருக்கலாம். எதற்காக வேலைக்குப் போக நினைக்கிறான் என்று அவனிடமே கேளுங்கள். பெயின்ட் வேலையை இழிவாகப் பேச வேண்டாம், உங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட தொழில் அது. பரீட்சையை எழுதிவிடு, அதன்பிறகு என்ன என்பதை நாம் சேர்ந்து முடிவு செய்வோம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். முகாம் மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகையை உயர்த்துவதாகவும், பொறியியலில் மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பேரின் கட்டணத்தை ஏற்பதாகவும் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. உட்பட அவனுக்கு இப்போது என்ன கிடைக்கும் என்பதை முகாம் அலுவலகத்தில் அவனையே போய் விசாரித்து வரச் சொல்லுங்கள். நீங்கள் விசாரித்துச் சொன்னால் அது இன்னோர் அறிவுரையாகிவிடும்.

அப்பாவிடம் பேசுவதுதான் கடினம். எம்.காம் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவள் என்பதற்காக, அவர் எழுதாத பரீட்சையை வாழ்நாள் முழுவதும் நீங்கள் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. “நீங்கள் தந்த படிப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது அப்பா. அந்த வேலை போனதில் எனக்கு இன்னும் துக்கம் ஆறவில்லை, இப்போது இன்னொரு படிப்பு என்னால் முடியாது” என்று சொல்லிப் பாருங்கள். வேலை கைநழுவியபோது நீங்கள் இருவரும் அதற்காகச் சேர்ந்து அழவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது; நீங்கள் அவரைத் தேற்றியிருப்பீர்கள், அவர் உடனே எம்.காம் என்றிருப்பார். அவர் சில நாள் மனம் நொந்து இருக்கக்கூடும். அதைத் தாங்கிக்கொள்ள அவரால் முடியும். இதைவிடப் பெரியதைத் தாங்கி வந்தவர் அவர். தம்பிக்குச் சொல்ல வேண்டியதை அவரே சொல்லட்டும் என்று கேட்டு, தூது போகும் வேலையிலிருந்தும் விலகிக்கொள்ளுங்கள்.

உங்கள் தூக்கமின்மையையும் படபடப்பையும் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே, கட்டணமின்றிப் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே நீடிப்பதாகத் தெரிவதால், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நேரில் ஒருமுறை காட்டுவது நல்லது.

பேச்சை எங்கே தொடங்குவது என்று தயங்கினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையை இறக்கித் தரும்படி அப்பாவிடம் கேளுங்கள். சாதாரண தரச் சான்றிதழின் கதையை நீங்கள் அப்பம்மாவின் வாயிலாகத்தான் கேட்டிருக்கிறீர்கள். கணிதத்துக்கு யார் சொல்லிக்கொடுத்தார், உயர்தரத்தில் என்ன படித்துக்கொண்டிருந்தார், என்னவாக ஆசைப்பட்டார் என்று அவரிடமே கேளுங்கள். அப்போது தம்பியும் பக்கத்தில் இருக்கட்டும்.