கேளுங்கள், சொல்கிறேன்: காலிக் கோட்டைக்கு ஒரு பகல்

கேள்வி: சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் இலங்கைக்குப் போகிறோம். அம்பாந்தோட்டையில் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை கப்பல் நிற்குமாம். அதற்குள் காலிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வர முடியுமா? மனைவிக்கு முட்டு வலி உண்டு.
- வாசகர் ஒருவர், முளகுமூடு

பதில்: முடியும் அண்ணாச்சி. ஆனால் அன்றைக்கு வேறு ஊர் எதையும் சேர்க்காதீர்கள். அதிவேகச் சாலையில் போய் பின்னதுவ என்ற இடத்தில் இறங்கினால் காலி ஊர் வந்துவிடும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல்காரர்கள் ஏற்பாடு செய்யும் வண்டிக்குக் காசு கூடுதல்தான்; ஆனால் அது பிந்தினால் கப்பல் காத்து நிற்கும். நீங்களாகப் பிடித்த கார் பிந்தினால் நிற்காது. நான் கப்பலில் வேலை பார்த்தபோது, ஏணியை எடுத்த பிறகு பையும் கையுமாக ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நம்ம நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே, கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை.

கோட்டைக்குள் போகக் கட்டணம் கிடையாது. வண்டியும் உள்ளே போகும். கலங்கரை விளக்கம் பக்கம் இறங்கி, மதில் மேல் கொஞ்ச தூரம் பைய நடந்தால் அம்மாவுக்குப் போதும். முழுச் சுற்று வேண்டாம். மேலே நிழலே இல்லை, குடை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்குக்கு எதிரே சர்ச் போலத் தெரிகிற வெள்ளைக் கட்டடம் பள்ளிவாசல். அந்தத் தெருக்களில் தமிழும் காதில் விழும்.

பழைய வாசலை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெளிப்பக்கம் பிரிட்டிஷ் அரச முத்திரை. உள்ளே வந்து திரும்பிப் பாருங்கள்: இரண்டு சிங்கம், மேலே ஒரு சேவல், நடுவில் டச்சுக் கம்பெனியின் எழுத்து, 1669 என்ற ஆண்டு. 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது இதே கம்பெனியின் படைதான். இலங்கையிலிருந்துதான் வந்து இறங்கியது. அதில் பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். அவர் கல்லறை உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருப்பார்கள். கப்பல் ஏறுமுன் ஒரு நடை போய்ப் பாருங்கள், காலி இன்னும் நன்றாகப் புரியும்.

சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் வெட்டிய கல்வெட்டை அங்கே தேட வேண்டாம். 1911-இல் காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2004 சுனாமியில் இந்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைக் காத்தது. வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் நாசமாயின. அதே சுனாமியில் நம்ம குமரிக் கரையில் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டாம்.

கடைத்தெருவில் அரை மணிக்கு மேல் நிற்காதீர்கள். மரக்கட்டை உருட்டிப் பின்னிய லேஸைக் காட்டுவார்கள். லேஸுக்குப் பேர்போன முளகுமூட்டுக்காரருக்கே லேஸா என்று அம்மா பேரம் பேச ஆரம்பித்தால் கப்பலுக்கு நான் பொறுப்பில்லை.