சில்லே கருவி

கேள்வி: எங்கள் ஊர் மயிலாடி, அப்பா கற்சிற்பி. நமக்கு முன்பே ஐரோப்பாவில் வாழ்ந்து மறைந்த நியாண்டர்தால் மனிதர்கள் கையில் கிடைத்த கல்லை உடைத்துப் பயன்படுத்தியவர்களே என்றும், திட்டமிடும் அறிவு 40,000 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவை அடைந்த நம் இனத்தாரிடம்தான் (இன்றைய மனித இனமான ஹோமோ சேபியன்ஸ்) திடீரெனத் தோன்றியது என்றும் ஓர் உரையில் கேட்டேன். இது உண்மையா? உடைந்த கல்லைக் கொண்டு அறிவை எப்படி அறிய முடியும்?
– ஒரு வாசகர், மயிலாடி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: உண்மையன்று. சிற்பி வீட்டில் வளர்ந்த உங்களுக்கு இதை விளக்குவது எளிது. உங்கள் தந்தை உளியால் வேண்டாததை நீக்குகிறார்; எஞ்சுவது சிலை, தெறிக்கும் சில்லு கழிவு. நியாண்டர்தால் மனிதர்கள் பெரிதும் கையாண்ட லெவலுவா முறையில் இது தலைகீழாகிறது. முதலில் கல்லின் விளிம்பைச் சுற்றிலும் தட்டி, மேற்பரப்பை ஆமை ஓடுபோல் மெல்லக் குவித்து, அடி விழ வேண்டிய முனையையும் சீர்செய்து, பிறகு ஒரே அடியில் ஒரு சில்லைப் பெயர்த்தெடுப்பார்கள். அந்தச் சில்லே கருவி, விளிம்பெல்லாம் கூர்மை. அதன் வடிவம், அது கல்லிலிருந்து பிரிவதற்கு முன்பே, அதற்கு முந்தைய பல அடிகளால் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்த அடிகளின் தழும்புகள் சில்லின் முதுகில் இன்றும் இருப்பதால், எந்த அடி முந்தியது, எது பிந்தியது என்று ஆய்வாளர்கள் வரிசைப்படுத்துகிறார்கள். இறுதி அடியை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அடியை அடித்தவரைத் திட்டமிடத் தெரியாதவர் என்று எப்படிச் சொல்வது?

கல்லோடு நில்லாமல், பிர்ச் மரப்பட்டையைச் சூடாக்கிப் பிசின் எடுத்து, அதனால் கல்லைக் கைப்பிடியில் ஒட்டவும் அவர்கள் அறிந்திருந்தார்கள். பிரான்சின் புருனிகெல் குகையில், பகலொளி எட்டாத ஆழத்தில், சுண்ணக்கல் தூண்களை உடைத்து அவர்கள் அடுக்கிய வளையங்களின் வயது ஏறக்குறைய 1,76,000 ஆண்டுகள்.

திடீர்த் தோற்றம் என்ற கருத்தும் வலுவிழந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் நம் இனத்தார் காவிக்கல்லில் கீறிய கோட்டு வடிவங்கள் 70,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. ஐரோப்பாவில் மட்டும் தேடியவர்களுக்கு அந்த அறிவு திடீரெனத் தோன்றியதில் வியப்பில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்திலோ, லெவலுவா முறைக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முந்தியவை என்று சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அடங்கிய குழுவினர் 2018இல் காட்டினார்கள். அங்கே மனித எலும்பு கிடைக்காததால், அவற்றைச் செய்தவர் எந்த இனத்தார் என்று கூற இயலாது. ஒரே முறையை நியாண்டர்தால் மனிதர்களும் நம் இனத்தாரும் கையாண்டிருப்பதால், கருவியை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காண்பதும் தவறு.

1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் திரட்டிய கற்கருவிகள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. வாய்த்தால் தந்தையாரை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அந்தத் தழும்புகளில் கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்தது என்பதை என்னைவிட அவரே நன்றாகச் சொல்வார்.