கூச்சம் உள்ளங்காலில் இருக்கட்டும்

கேள்வி: எங்கள் ஊருக்குப் பாத சிகிச்சையாளர் ஒருவர் வருகிறாராம். சிலர் சிரோபடிஸ்ட் என்கிறார்கள், சிலர் பொடியாட்ரிஸ்ட் என்கிறார்கள். எது சரி? அவரிடம் காலைக் காட்ட என் மாமியார் வேறு கூச்சப்படுகிறார்.
– வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: ஊர்ப்பெயரைப் பழையபடியே எழுதியதற்கு முதலில் ஒரு கும்பிடு. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பலகையை மாற்றினார்கள். பழைய தோட்டத்துச் சனத்திடம் அந்தப் பெயரில் வழி கேட்டுப் பாருங்கள், எந்த ஊர்க்காரர் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள்.

நீங்கள் கேட்டதும் அதே கதைதான். சிரோபடி பழைய பெயர். 1785-இல் லண்டனில் டேவிட் லோ எழுதிய புத்தகத்தின் தலைப்பிலேயே அதன் வேர் இருக்கிறது. கையையும் காலையும் சேர்த்துக் குறிக்கும் கிரேக்கச் சொல். பிறகு கையை விட்டுவிட்டுப் பொடியாட்ரி என்றார்கள். பிரிட்டனில் இரண்டு பெயருக்குமே சட்டப் பாதுகாப்பு உண்டு, தொழில் ஒன்றுதான். நம் தோட்டங்களில் காய்ச்சலோ கால்புண்ணோ, எல்லாவற்றுக்கும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான ஒரே டிரெசர்தான் இருந்தார். அவருக்கு யாரும் கிரேக்கத்தில் பெயர் வைக்கவில்லை.

சரி, கூச்சத்துக்கு வருவோம். டத்தோ பட்டம் வாங்கியவர் மேடை ஏறினால் பொத்தென்று காலில் விழ நமக்குக் கூச்சமே கிடையாது. (இதை முன்பு ஒருமுறை எழுதி, ஒரு மாலைக் கமிட்டியின் பகையைச் சம்பாதித்தேன். இன்னும் தீரவில்லை.) அத்தனை பேர் தொட்டுத் தொட்டு, அந்தக் கால்களில் ஆணி கூட வருவதில்லை போலிருக்கிறது. உழைத்த காலை வைத்தியரிடம் நீட்டத்தான் வெட்கம்.

உள்ளங்காலில் கூச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலையில் முக்கியமானது. இனிப்பு நீர் எனும் நீரிழிவு நரம்பைக் கெடுத்தால் பாதத்து உணர்ச்சிதான் முதலில் போகும். நம் மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருப்பதாக 2023 தேசிய சுகாதார ஆய்வு சொல்கிறது. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையை அது வளையும் வரை கட்டைவிரலின் அடியில் அழுத்துவார்கள். 10 கிராம் அழுத்தம்தான். “தெரியுது” என்றால் நிம்மதி. தெரியவில்லை என்றால், செருப்புக்குள் கல் குத்தியதே சாயங்காலம் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் முற்றிக் காலையே எடுக்கும்படி ஆனவர்கள் உண்டு.

மாமியாரைக் கூட்டிப் போங்கள். கால் ஆணியை வீட்டிலேயே பிளேடால் சீவும் மாமனார் இருந்தால், அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.