கொம்பியூட்டருக்கு எந்த ஃபான்? கேட்டவைக்குப் பதில்

போன கிழமை "ஃபான் வாங்கப் போறவை கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்" எண்டு போட்டன். சோளகம் தூசியை அள்ளிக்கொண்டு வாற நேரம், கேள்வியும் அதே மாதிரி வந்து குவிஞ்சு போச்சு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கடையில கொம்பியூட்டர் திருத்திறவன் நான். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒண்டாக்கிப் போட்டிருக்கிறன், கேட்டவையின்ர பேருக்குப் பதிலா ஊரைப் போட்டிருக்கிறன். "எந்தப் பாண் நல்லது" எண்டு அவசரத்தில எழுதின தம்பிக்கு: அதை பேக்கரியில கேளுங்கோ.

கொக்குவில்: அண்ணை, நொக்டுவா கொம்பனியின்ர ரெண்டு ஃபான் பாத்து வச்சிருக்கிறன், பி12 ரெடக்ஸ் 1700, ஏ12×25. ரெடக்ஸில 70 சி.எஃப்.எம், மற்றதில 60. விலை கூடினது 60 காரன். என்ன கணக்கு இது? கேசிங்கின்ர முன்பக்கம், தூசி வடிகட்டிக்குப் பின்னால பூட்டப் போறன்.

எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

தோட்டத்து வோட்டர் பம்பை யோசிச்சுப் பாருங்கோ. குழாயை வாய்க்காலுக்குள்ள விட்டால் தண்ணி கொட்டும். அதே பம்பால மேல்மாடித் தாங்கிக்கு ஏத்தினால் வாறது குறைஞ்சு போகும். இன்னும் உயத்தினால் பம்ப் சுத்தும், தண்ணி வராது. ஃபானும் அதேதான். பெட்டியில அடிச்சிருக்கிற சி.எஃப்.எம் வாய்க்கால் கணக்கு: முன்னால ஒரு தடையும் இல்லாத நேரம் நிமிஷத்துக்கு எத்தனை கன அடி காத்துப் போகும் எண்டது. பக்கத்தில மில்லிமீற்றர் நீர் எண்டு இன்னொரு எண் போட்டிருப்பினம், அது நிலை அழுத்தம். காத்துப் போற வழியை முழுக்க அடைச்சால் ஃபான் எவ்வளவு தள்ளிக்கொண்டு நிக்கும் எண்டது அது. ஒண்டில தடை இல்லை, மற்றதில காத்து இல்லை. உங்கட ஃபான் வேலை செய்யப்போறது இந்த ரெண்டுக்கும் நடுவில, ஆனால் நடுவில என்ன நடக்குது எண்டு பெட்டி சொல்லாது.

உங்கட ரெண்டு ஃபானிலயும் அது வடிவாத் தெரியும். ரெடக்ஸ் நிமிஷத்துக்கு 1700 சுற்றில 70.75 சி.எஃப்.எம், 2.83 மில்லிமீற்றர், 25.1 டெசிபெல். ஏ12×25 எண்டால் 2000 சுற்றில 60.1 சி.எஃப்.எம், 2.34 மில்லிமீற்றர், 22.6 டெசிபெல். காத்து, அழுத்தம் ரெண்டிலயும் மலிவானது முன்னுக்கு நிக்குது. ஆனால் தண்ணிக் கூலரின்ர ரேடியேற்றரிலயோ, ப்ரொசெசரின்ர சூட்டை இழுக்கிற நெருக்கமான தகட்டு அடுக்கிலயோ (ஹீட்சிங்) பூட்டி, ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு இறக்கிப் பாத்தால் ஏ12×25 முந்தும். செட்டை நுனிக்கும் சட்டத்துக்கும் இடையில அரை மில்லிமீற்றர்தான் விட்டிருக்கினம், தள்ளின காத்து அந்த ஓரத்தால திரும்பி வாறது குறைவு. அப்பிடி ஒட்டி ஓடுறதுக்கு, சூட்டிலயும் வேகத்திலயும் நீளாத ஒரு தனிப் பிளாஸ்ரிக்கில செட்டை செய்ய வேண்டி வந்தது. விலை அங்கதான் ஏறினது.

இனி உங்களுக்கு: வலை வடிகட்டி ஒண்டுதான் தடை எண்டால் ரெடக்ஸே காணும். கையில காசு இன்னும் இறுக்கமெண்டால் ஆர்க்டிக் பி12 பாருங்கோ, 1800 சுற்றில 56.3 சி.எஃப்.எம், 2.2 மில்லிமீற்றர். விலைக்கு அது செய்யிற வேலை பெரிசு. தண்ணிக் கூலரின்ர ரேடியேற்றருக்கு எண்டு கேட்டிருந்தால், நான் ஏ12×25 எண்டு சொல்லியிருப்பன்.

சாவகச்சேரி: எங்கட வீடு கூரைக்குச் சீற் போட்டது. மத்தியானம் அறைக்குள்ள 34, 35 பாகை. நல்ல ஃபான் போட்டால் ப்ரொசெசரை 40 இல வச்சிருக்க ஏலுமோ?

வேலை குடுக்காமல் சும்மா வச்சிருந்தால் கிட்டத்தட்ட வரும். கேம் விளையாடினால் இல்லை. ஃபான் குளிரை உண்டாக்கிறேல்லை, சூட்டை அப்புறப்படுத்துது, அவ்வளவுதான். அறையை விடக் குளிராக ஒண்டையும் அதால ஆக்க ஏலாது.

ஒரு சின்னக் கணக்கு தாறன். கொம்பியூட்டர் தின்னுற வோட்ஸை உண்மையாப் போற சி.எஃப்.எம்மால பிரிச்சு 1.76 ஆல பெருக்குங்கோ. உள்ள போற காத்து வெளியில வரேக்க எத்தனை பாகை ஏறியிருக்கும் எண்டு வரும். 350 வோட்ஸ், 60 சி.எஃப்.எம் எண்டால் 10 பாகைக்குக் கிட்ட. காத்தை இரட்டிச்சு 120 ஆக்கினால் 5. பேந்தும் இரட்டிச்சு 240 ஆக்கினால் இரண்டரை. முதல் ரெண்டு ஃபான் தாற லாபத்தை ஐஞ்சாவது ஆறாவது ஃபான் தராது எண்டதுக்கு இதுதான் காரணம். கடையில ஆறு ஃபான் சேர்த்து விக்கேக்க இந்தக் கணக்கைச் சொல்லமாட்டினம்.

40க்கு ஆசைப்படவும் வேண்டாம். ரைசன் 7000 வரிசை ப்ரொசெசரை 95 பாகை வரைக்கும் ஓடத்தான் ஏ.எம்.டி. கொம்பனி வடிவமைச்சது. உங்கட இடத்தில நான் பார்க்கிறது வேற: கொம்பியூட்டரைச் சுவரோட ஒட்டி மேசைக்குக் கீழ தள்ளி வச்சிருக்கிறீங்களோ? வெளியில வந்த சூட்டுக் காத்தையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு அடி இழுத்து வையுங்கோ. செலவில்லை.

அதே சாவகச்சேரி: பக்கத் தகட்டைக் கழட்டிப்போட்டு நிலத்து ஃபானைத் திருப்பி விட்டால்?

குளிரும். ரெண்டு கிழமையால தூசி அடைஞ்ச அந்தப் பெட்டியை என்னட்டக் கொண்டு வருவியள்.

சுன்னாகம்: றோட்டுக் கரையில போட்டோக்கொப்பிக் கடை வச்சிருக்கிறன். செம்மண் தூசி. ரெண்டு வருசத்தில மூண்டாவது ஃபான். ஒவ்வொண்டும் கர கர எண்டு தொடங்கி நிண்டு போகுது. நல்ல கொம்பனி ஃபான் வாங்கினால் தப்புமோ?

கொம்பனிப் பேரை விடுங்கோ, உள்ள என்ன பெயாரிங் எண்டு பாருங்கோ. மலிவு ஃபானுகளில ஸ்லீவ் பெயாரிங்: எண்ணெய் ஊறின ஒரு சின்னக் குழலுக்குள்ள தண்டு சுத்துது. புதுசில சத்தமே இராது. சூட்டில எண்ணெய் காய, தூசி அந்த இடத்துக்குப் போக, குழல் தேய்ஞ்சு தண்டு ஆடத் தொடங்கும். நீங்கள் கேக்கிற கர கர அதுதான். படுத்த வாக்கில, அதாவது கேசிங் கூரையில பூட்டினால் இன்னும் கெதியில போகும். இரட்டைப் போல் பெயாரிங், அதாவது தண்டு சின்னக் குண்டுகளில உருளுறது, சூட்டையும் எந்தப் பக்கம் பூட்டினாலும் தாங்கும், ஆனால் ஒரு மெல்லிய இரைச்சல் எப்பவும் இருக்கும். திரவ பெயாரிங், பெட்டியில எஃப்.டி.பி எண்டு போட்டிருக்கும், சத்தமும் குறைவு, ஆயுளும் கூட. போட்டோக்கொப்பி மெசின் ஓடுற கடையில ஆர் இரைச்சலைக் கேக்கப்போகினம்? உங்களுக்கு நான் போல் பெயாரிங்தான் சொல்லுவன்.

ஆனால் தூசி உள்ள வாற வழியை அடைக்காட்டில் எதுவும் நிக்காது. இழுக்கிற ஃபான் ரெண்டு, தள்ளுறது ஒண்டு எண்டு வையுங்கோ. உள்ளுக்குள்ள அழுத்தம் ஒரு துளி கூட இருந்தால், வெடிப்புகளால காத்து வெளியில போகும், தூசி அதால நுழையாது. இழுக்கிற ரெண்டுக்கும் வடிகட்டி. மாதம் ஒருக்கா கழட்டித் தட்டிக் கழுவிக் காயவிட்டுப் பூட்டுங்கோ.

தூசி ஊதப் புளோவர் பிடிக்கேக்க ஒரு விரலால செட்டையைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. காத்தில அது தன்ர வேகத்தை விடக் கூடச் சுத்தினால் பெயாரிங் கெடும், மோட்டர் டைனமோ மாதிரி மாறி மதர்போர்ட்டுக்குக் கரண்டும் அனுப்பப் பாக்கும்.

தேங்காயெண்ணெய் விட்ட ஒரு ஃபானும் என்னட்ட வந்தது. விடாதேங்கோ, பிசினாகிப் போகும். அவசரத்துக்கு ஸ்லீவ் ஃபானுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு, ஸ்ரிக்கரைக் கிளப்பிப்போட்டு. அது புதுசு வாங்கும் மட்டும் இழுத்தடிக்கிற வேலைதான்.

பருத்தித்துறை: கடலுக்கு நூறு யார் தூரம் தள்ளி வீடு. ஸ்குரூ எல்லாம் கறள்.

உப்புக் காத்தில ஃபான் மட்டும் பழுதாகிறேல்லை, போர்ட்டும் சேர்ந்துதான் போகுது. தூசி, தண்ணிக்கு எண்டு ஐ.பி. தரம் போட்ட ஃபான் இருக்கு. நொக்டுவாவின்ர இண்டஸ்ரியல் வரிசையில ஐ.பி.52, ஐ.பி.67 ரெண்டும் வரும். ஆனால் அதில 3000 சுற்று மொடல் 43.5 டெசிபெல், வீட்டுக்குள்ள வச்சிருக்க ஏலாது. கடல் பக்கத்து யன்னலுக்குக் கீழ கொம்பியூட்டர் இருந்தால் முதல்ல அதை இடம் மாத்துங்கோ.

மானிப்பாய்: மகன் ஏ.எல். படிக்கிறான். அறையில கொம்பியூட்டர் இரைச்சல் தலையிடிக்குது தம்பி. சத்தமில்லாத ஃபான் எது?

அக்கா, ஃபான் மாத்த முதல் வேகத்தைக் குறையுங்கோ. வேகத்தை அரைவாசி ஆக்கினால் காத்து அரைவாசி ஆகும், ஆனால் சத்தம் 15 டெசிபெல் அளவில இறங்கும். அதே மாதிரி இன்னொரு ஃபானைப் பக்கத்தில வச்சால் 3 டெசிபெல்தான் ஏறும். 1800 சுற்றில ஒண்டு ஓடுற இடத்தில 900 சுற்றில ரெண்டு ஓடினால், காத்து கிட்டத்தட்ட அவ்வளவே, சத்தம் 12 டெசிபெல் குறைவு. காதுக்கு அது பெரிய வித்தியாசம். ஒரு பிடி இருக்கு: வேகம் பாதியானால் அழுத்தம் காலாகும். அதால இது திறந்த வலை முகப்புக்குச் சரி, அடர்த்தியான வடிகட்டிக்குப் பின்னால சரிவராது. இடமிருந்தால் 120க்குப் பதிலா 140 மில்லிமீற்றர் போடுங்கோ.

சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வருதெண்டால் அதுதான் தலையிடிக்குக் காரணம். பயோஸில, அதாவது கொம்பியூட்டர் தொடங்கேக்க திறக்கிற அமைப்புத் திரையில, ஃபான் வளைவு எண்டு ஒரு பக்கம் இருக்கும். 60 பாகை வரைக்கும் ஒரே வேகம், அதுக்கு மேல மெல்ல ஏற வையுங்கோ, மாறுற நேரத்தையும் சில செக்கன் பிந்த வையுங்கோ. மகனுக்கு இது தெரிஞ்சிருக்கும், கேம் விளையாடுறவை எல்லாம் பயோஸ் வரைக்கும் போயிருப்பினம்.

நெல்லியடி: புது ஃபான் பூட்டினன், எப்பவும் முழு வேகத்தில ஓடுது. பயோஸில குறைச்சாலும் கேக்குதில்லை.

வயரைப் பாருங்கோ. மூண்டு ஓட்டையா, நாலா? மூண்டெண்டால் அதுக்குப் பி.டபிள்யூ.எம், அதாவது துடிப்பு அனுப்பி வேகத்தைக் கட்டுப்படுத்திற முறை, விளங்காது. மூண்டில ஒண்டு நிலம், ஒண்டு 12 வோல்ட், ஒண்டு வேகத்தைச் சொல்லுற வயர். வேகத்தைக் குறை எண்டு சொல்லுறது நாலாவது. பயோஸில அந்த இடத்தை டி.சி. எண்டு மாத்துங்கோ, வோல்டேஜைக் குறைச்சு ஓட்டும்.

உரும்பிராய்: கனடாவில இருந்து மச்சான் ஆவணியில திருவிழாவுக்கு வாறார். அங்க 120 வோல்ட், இங்க 230. அங்கத்தே ஃபான் இங்க எரியாதோ?

எரியாது. கொம்பியூட்டர் ஃபான் ஓடுறது பவர் சப்ளை தாற 12 வோல்ட் டி.சி.யில, சுவர்ப் பிளக்கோட அதுக்குக் கதையில்லை. பவர் சப்ளையைக் கொண்டு வரச் சொன்னால்தான் 230 எடுக்குமோ எண்டு பாக்க வேணும். மச்சானுக்கு எழுதி அனுப்புங்கோ: 120 மில்லிமீற்றர், தடிப்பு 25, நாலு பின் பி.டபிள்யூ.எம். உங்கட கேசிங்கில ஸ்குரூ ஓட்டைக்கு ஓட்டை அளந்து பாருங்கோ, 105 மில்லிமீற்றர் வந்தால் 120 ஃபான், 124.5 வந்தால் 140. "பெரிசா ஒண்டு வாங்கி வாங்கோ" எண்டு சொல்லி, வந்தது பூட்ட ஏலாமல் அலுமாரியில கிடக்கிற ஃபான் எத்தனையைப் பாத்திட்டன்.

கோண்டாவில்: பழைய சேர்வர் ஒண்டில கழட்டின டெல்டா கொம்பனி ஃபான், 38 மில்லிமீற்றர் தடிப்பு. சும்மா கிடைச்சது. போடலாமோ?

காத்து அடிக்கும், சந்தேகமில்லை. லாண்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஓடுற சத்தத்தோட அடிக்கும். ஸ்ரிக்கரில அம்பியர் பாருங்கோ. மதர்போர்ட்டில ஒரு ஃபான் பின் தாங்கிறது வழமையா 1 அம்பியர், சேர்வர் ஃபான் அதுக்கு மேல கேக்கும். போர்ட்டில நேரடியாச் செருகினால் அந்த இடம் கருகும். ஓட்டித்தான் பாக்க வேணுமெண்டால் பவர் சப்ளை வயரில இருந்து எடுங்கோ, விரலைக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ.

நல்லூர்: லைற் எரியிற ஃபான் நல்லமோ?

வடிவு. லைற்றால குளிராது.

அராலி: எந்தப் பக்கம் காத்து இழுக்கும் எண்டு எப்பிடி அண்ணை கண்டுபிடிக்கிறது?

மோட்டரைத் தாங்கிற கம்பிக் கால் தெரியிற பக்கத்தாலதான் காத்து வெளியில வரும். சிலதில சட்டத்தில அம்புக்குறியும் இருக்கும். முன்னுக்கு இழுக்க, பின்னுக்கும் மேலயும் தள்ள. சந்தேகமெண்டால் ஒரு துண்டு ரிசூ பிடிச்சுப் பாருங்கோ.

வல்வெட்டித்துறை: போன வருசம் வாங்கின நல்ல ஃபான். ரெண்டு நாளா டக் டக் டக் எண்டு அடிக்குது. பெயாரிங் போட்டுதோ?

பெயாரிங் கர கர எண்டும், டக் டக் எண்டு அடிக்காது. சுத்துற சாமானில ஏதோ தட்டுது. நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டி, ரோச் அடிச்சுப் பாருங்கோ. வயரா இருக்கும், இல்லாட்டில் பல்லி. சூடு தேடி உள்ள போறது அதுகளுக்குப் பழக்கம். பவர் சப்ளைக்குள்ள விழுந்தால்தான் பிரச்சினை பெரிசு.

திரும்பவும் வல்வெட்டித்துறை: திறந்து பாத்தன் அண்ணை. வால் மட்டும் கிடக்குது.

அப்ப ஆள் உள்ளதான் எங்கயோ இருக்கு. இப்போதைக்குக் கரண்டைப் போடாதேங்கோ.